இரண்டு கிழமை என்று சொன்னேன்

எங்கள் வீட்டுப் பின்வளவில் வெயில் நிற்பது பின்னேரம் நாலு மணி வரைக்கும்தான். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் இழுத்துக் கட்டிய அறையின் கூரை அதை மறைத்துவிடும். ஆனி மாதம் என்றால் ஏழு மணி வரைக்கும் நிற்கும் என்று வாசுகி சொல்கிறாள். அவள் என் மனைவி, லண்டனில், செவன் கிங்ஸில் இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருசமாக இந்தக் கொடியில் உடுப்புக் காயப்போடுகிறவள். அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பத்தொன்பது கோடையில் ஒன்றுகூட நான் வீட்டில் இருந்து பார்த்ததில்லை.

நான் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன். தமிழ்க் கடைகளில் மீன் கிடக்கும் பெரிய பிரீஸர், பால் அடுக்கும் கண்ணாடிப் பிரிட்ஜ், இறைச்சிக் கடைக்குப் பின்னால் இருக்கும் குளிர் அறை எல்லாம் என் பொறுப்பு. வெயில் எறித்தால் அவை படுத்துவிடும். எல்லோரும் பூங்காவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நாட்களில் நான் கொம்பிரஸருக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு கிடப்பேன். இப்போது ஆவணி முடிகிற நேரம். பிளாஸ்டிக் கதிரையில், இரண்டு தலையணை வைத்து, கொடிக்குக் கீழே இருந்து இதை எழுதுகிறேன். வலி மருந்து குடித்து ஒரு மணித்தியாலம் கழித்து, நித்திரை வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தலை தெளிவாக இருக்கும். அந்த நேரத்தில்தான் எழுதலாம்.

கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "எப்ப இருந்து சத்தம் போடுது?" என்று கேட்டால், "இண்டைக்குத்தான் அண்ணை" என்பார்கள். திறந்து பார்த்தால் பனிக்கட்டி ஒரு சாண் தடிப்பில் இருக்கும். மூன்று மாதமாக முனகிக்கொண்டு இருந்திருக்கும் பெட்டி. "உண்மையைச் சொன்னால் அரை மணித்தியால வேலை, பொய் சொன்னபடியால் பெட்டியையே மாத்த வேணும்" என்று நான் எத்தனை பேரை ஏசியிருப்பேன். அந்த வாய்க்குத்தான் இது கிடைத்தது.

வலி தொடங்கியது மார்கழி விடுமுறையில். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பின்னால் ஊடுருவும். குனிந்து இருந்தால் குறையும். பெட்டி தூக்கியதால் வந்த பிடிப்பு என்று எண்ணெய் பூசினேன். மாசி மாதக் கடைசியில்தான் குடும்ப டொக்டரிடம் போனேன். அன்றைக்கு இருந்தவர் ஒரு வெள்ளைக்காரர், கணினியைப் பார்த்தபடி எவ்வளவு காலமாக என்று கேட்டார். இரண்டு மாதம் என்று சொன்னால் ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை என்று கேட்பார் என நினைத்தேன். இரண்டு கிழமை என்றேன். உடம்பு மெலிந்ததா என்றார். இல்லை என்றேன். அந்த நேரம் அது உண்மை. அவர் தட்டித் தட்டி எழுதினார். அந்தத் தட்டல் சத்தம் எனக்குப் பழக்கமானது.

அதை விளங்கவைக்க வேண்டுமென்றால் நான் ஜேர்மனிக்குப் போகவேண்டும். அங்கே அகதித் தஞ்சம் கேட்டபோது முதல் விசாரணையில், ஊரைவிட்டு வெளிக்கிட்டது மே மாதம் என்று சொன்னேன். ஒரு வருடம் கழித்து இரண்டாவது விசாரணையில் ஜூன் என்று சொல்லிவிட்டேன். இரண்டும் சரிதான். மே கடைசியில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டு, ஜூனில்தான் கடல் கடந்தேன். யார் கேட்டது? முரண்பாடு இருக்கிறது, நம்பமுடியாது என்று எழுதிக் கைக்கு ஒரு கடிதம் தந்தார்கள். அதை மாற்றி எடுக்க எனக்கு நாலு வருசம் போனது. மொழிபெயர்க்க வந்த தமிழர் ஒருவர் வாசலில் வைத்துச் சொன்னார்: "அண்ணை, நீங்கள் சொன்னது சரியோ பிழையோ, ஒருக்காச் சொன்னதை மட்டும் மாத்தாதேங்கோ. அவையள் உங்களைப் பாக்கிறேல்லை, முந்தி எழுதின பேப்பரைத்தான் பாக்கினம்."

வாசுகியை அங்கேதான் கலியாணம் கட்டினேன். அவளுக்கும் விசாரணை முடிந்திருக்கவில்லை. கட்டின முதல் ஆறு மாதமும் நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்து கதைத்தது திகதிகளைத்தான். அவள் அதிகாரி மாதிரிக் கேட்பாள், நான் பதில் சொல்வேன், பிறகு நான் கேட்பேன். ஒரு நாள் பிசகினாலும் திரும்ப முதலில் இருந்து. அப்படிப் பாடமாக்கித்தான் எங்களுக்கு விசா கிடைத்தது. மகள் பிறந்த பிறகுதான் லண்டனுக்கு வந்தோம்.

சித்திரையில் வலி கூடித் திரும்பவும் போனேன். இந்தமுறை ஓர் இளம் பெண் டொக்டர். என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினார். தமிழ்நாட்டுப் பிள்ளை. "எவ்வளவு நாளா வலிக்குது சார்?" என்றார். மொழி விளங்கவில்லை என்று சாக்குச் சொல்லவும் எனக்கு வழியில்லை. திரையில் என் பழைய பக்கம் திறந்திருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். "இரண்டு கிழமை" என்றேன்.

"கிழமைன்னா வாரம்தானே சார்? இடையில நல்லா இருந்துதா?"

"ஓம் டொக்டர். நல்லா இருந்தது."

"வெயிட் குறைஞ்சிருக்கா?"

"இல்லை."

அந்த நேரம் என் இடுப்புப் பட்டியில் நானே துளைப்பான் வைத்துப் போட்ட புதுத் துளை ஒன்று இருந்தது. ஆனியில் மூன்றாம் முறை அதே பிள்ளையிடம் போனபோது துளை மூன்றாகிவிட்டது. மேற்சட்டையை வெளியே விட்டுக்கொண்டு போனேன். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், முகம் சுருங்கியது. "சார், நிஜமாவே ரெண்டு வாரம்தானா?" என்று கேட்டார். கேட்டார், அதை நான் மறைக்கப்போவதில்லை. நான் ஓம் என்றேன். இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். வேலை கூடிய நேரம் என்று அதற்கும் நான் மூன்று கிழமை போகவில்லை.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே கொடிக்குக் கீழே, ஈரப் போர்வையின் ஒரு நுனியை என்னிடம் பிடிக்கத் தந்துவிட்டு வாசுகி என் முகத்தைப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, கண் மஞ்சளாக்கிடக்கு" என்றாள். வீட்டுக்குள் என்றால் தெரிந்திருக்காது. நல்ல வெயில் அன்றைக்கு.

அவசர சிகிச்சைப் பகுதியில் ஒன்பது மணித்தியாலம் இருந்தோம். மகள் மதுரா வெளியில் போன இடத்தில் இருந்து நேரே வந்தாள். அவளுக்கு இருபத்து நாலு வயது, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. இங்கிலீசில் அவள் சண்டை பிடிப்பதைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். அன்றைக்கு யாரோடும் சண்டை பிடிக்காமல் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடியப்புறம் ஒரு கட்டில் கிடைத்தது. பிறகு ஸ்கேன். ஒரு வளையத்துக்குள் படுக்கவைத்து, கையில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள். அது ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவி, படுத்த இடத்திலேயே சலம் போய்விட்டதோ என்று வெட்கமாக இருக்கும். போகாது, பயப்படத் தேவையில்லை. இதை எழுதக் காரணமே இப்படியான விசயங்களை வேறு யாராவது முன்னமே அறிந்துகொள்ளட்டும் என்பதுதான்.

கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கும், சமிபாட்டுக்கு நீர் சுரக்கும். எனக்கு அதன் தலைப்பக்கத்தில் கட்டி. அது வளர்ந்து பித்தம் போகும் குழாயை நெரித்தபடியால்தான் மஞ்சள். வாய்வழியாகக் கமெரா விட்டு, நெரிந்த இடத்தில் ஒரு சிறிய வலைக்குழாயை வைத்தார்கள். அடைபட்ட பைப்புக்குள் நான் செய்யும் வேலைதான். மூன்று நாளில் மஞ்சள் இறங்கியது. நான் சுகம் வந்துவிட்டது என்று நினைத்து, வாசுகியிடம் வேனின் சாவி எங்கே என்று விசாரித்தேன்.

பதினொரு நாள் இருந்தேன் அந்த வார்ட்டில். வாசுகி இரண்டு பஸ் மாறி ஒவ்வொரு நாளும் மத்தியானம் வருவாள். பிளாஸ்க்கில் தண்ணிக் கஞ்சி, தேசிக்காய் ஊறுகாயில் ஒரு துண்டு. நான் மூன்று கரண்டி குடித்தால் பெரிய காரியம். மிச்சத்தை அவள் என் கட்டிலின் விளிம்பில் இருந்து குடித்துவிட்டு, "நல்லாத்தான் வந்திருக்கு, நீங்கள்தான் குடிக்கேல்லை" என்பாள். வலி எத்தனை என்று நேர்ஸ்மார் நாளுக்கு நாலு தடவை கேட்பார்கள். ஒன்றுமில்லை என்றால் பூச்சியம், தாங்கவே ஏலாது என்றால் பத்து. முதல் நாள் மூன்று என்று சொன்னேன். பிறகு ஒவ்வொரு நாளும் மூன்று.

பத்தாம் நாள் பெரிய டொக்டர் திரையை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலில் இருந்தார். கட்டி இரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்துவிட்டது, ஈரலிலும் புள்ளிகள், வெட்டி எடுக்க ஏலாது என்றார். கீமோ தரலாம், ஆனால் இந்த உடம்பு அதைத் தாங்காது என்றார். மாற்ற முடியாது, வலியைத்தான் பார்த்துக்கொள்ளலாம். மதுரா கேட்டாள், ஆறு மாதத்துக்கு முன்னால் கண்டுபிடித்திருந்தால் வெட்டியிருக்கலாமா என்று. அவர் உறுதியாகச் சொல்ல முடியாது, வெட்டியிருக்கக்கூடும் என்றார்.

மதுரா என் கையைப் பிடித்தாள். "அவையள் உங்களை மூண்டு தரம் திருப்பி அனுப்பினவை, அப்பா" என்றாள். நான் திரையில் இருந்த பூக்களை எண்ணினேன்.

வீட்டுக்கு வரும்போது ஒரு சிறு புத்தகம் தந்துவிட்டார்கள், தமிழிலும் அச்சடித்தது. 'அன்றாடச் சிறு மகிழ்ச்சிகளை அனுபவியுங்கள்' என்று அதில் ஒரு வரி. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஐம்பத்தெட்டு வயதுவரை அதற்கு எனக்கு நேரமில்லை, இப்போது நேரமிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. புத்தகத்தைக் கதிரைக்கால் ஆடாமல் இருக்கக் கீழே வைத்தேன். இப்போதும் அங்கேதான் கிடக்கிறது.

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது. பொய் சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கதிரைக்கு வந்திருக்கிறேன். கொடியில் காய்ந்த சாரத்தை எடுத்து உடனே கட்டினால் இடுப்பைச் சுற்றி ஒரு சூடு இருக்கும், அது எனக்கு இதுவரை தெரியாது. வேலிக்கு அந்தப்பக்கத்து முள்ளுப் பற்றை எங்கள் பக்கம் தலை நீட்டிக் கறுப்புப் பழம் பழுக்கிறது. வாசுகி ஒரு கிண்ணத்தில் ஆய்ந்து வருவாள், நான் இரண்டு சாப்பிடுவேன். மூன்றாவது போனால் சத்தியெடுத்துவிடுவேன். பள்ளிக்கூடம் தொடங்கமுன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கத்துவார்கள், கடைசி விடுமுறைக் கிழமை என்று அவர்களுக்கும் தெரியும். மாங்காய் ஐஸ்பழம் மட்டும், மற்றச் சாப்பாடு மாதிரி வாய்க்குள் இரும்பாக ருசிக்காமல், மாங்காய் மாதிரியே இருக்கிறது. குசினியில் எங்கள் பிரிட்ஜ் ஓடி நிற்கும் சத்தம் கதவு வழியாகக் கேட்கும். அது நல்ல சத்தம், இன்னும் பத்து வருசம் ஓடும். இதையெல்லாம் அனுபவிக்கிறேனா என்று கேட்டால், ஓம். அதனால் மனம் ஆறுகிறதா என்று கேட்டால், இல்லை. கூடத்தான் நோகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் தமிழ்நாட்டு டொக்டர் பிள்ளை போன் எடுத்தார். ஆஸ்பத்திரிக் கடிதம் அவர் கைக்குப் போயிருக்கிறது.

"சார், எப்படி இருக்கீங்க? நான்... நான் ஏப்ரல்லயே உங்கள ஸ்கேனுக்கு அனுப்பிருக்கணும் சார். அதையே நினைச்சிட்டு இருக்கேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "இல்லை டொக்டர், நீங்கள் யோசியாதேங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். பெரிய மனதோடு மன்னித்ததாக அந்தப் பிள்ளை நினைத்திருக்கும். எவ்வளவு கேவலம்.

அந்தச் சனிக்கிழமை மதுரா மடிக்கணினியோடு பின்வளவுக்கு வந்தாள். முறைப்பாட்டுக் கடிதம். அவளுடைய அலுவலகத்தில் ஒருவர் திருத்திக் கொடுத்திருக்கிறார். எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். என் அப்பா மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் அவருடைய வலியைச் சாதாரணமாக எடுத்தார்கள். அவருடைய மொழியே பேசும் டொக்டர்கூடக் கவனமாகக் கேட்கவில்லை. அடியில் அந்தப் பிள்ளையின் பெயர் இருந்தது. வாசுகி கொடியில் உடுப்புக்குக் கவ்வி போட்டுக்கொண்டே, "வடிவா எழுது பிள்ளை. இன்னொரு குடும்பத்துக்கு இப்பிடி நடக்கக் கூடாது" என்றாள்.

"அந்த வசனம் பிழை" என்றேன்.

"எது அப்பா? இங்கிலீசில சரியாத்தான் இருக்கு."

"அவ கேட்டவ. மூண்டாந்தரம் திருப்பியும் கேட்டவ. நான்தான் ரெண்டு கிழமை எண்டு சொன்னனான்."

"எப்ப?"

"மூண்டு தரமும்."

மதுராவுக்கு விளங்கவில்லை. "ஏன்? சும்மா எப்பிடி? மார்கழியில இருந்து நோகுதெண்டு அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறியள். டொக்டருக்கு ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"முதல் அப்பிடிச் சொல்லிப்போட்டன்."

"ஸோ? ஸோ வாட் அப்பா? மாத்திச் சொல்லியிருக்கலாமே!"

இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது? சொல்ல வாயைத் திறக்கமுன் கொடிப் பக்கம் இருந்து கவ்விகள் நிலத்தில் கொட்டுப்படும் சத்தம் கேட்டது. வாசுகிக்கு விளங்கிவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அதிகாரி மாதிரி என்னிடம் கேள்வி கேட்டவள் அவள்தானே. ஒரு நாள் பிசகினால் திரும்பச் சொல்லுங்கோ என்றவள்.

"இது ஜேர்மனி இல்லையப்பா!" என்று கத்தினாள். முப்பது வருசத்தில் என்னைப் பார்த்து அவள் கத்தியது அன்றைக்குத்தான். "உங்களை ஆர் திருப்பி அனுப்பப்போகினம்? எங்கை அனுப்பப்போகினம்? ரெண்டு கிழமையாம், ரெண்டு கிழமை!" அரைகுறையாகக் காய்ந்த உடுப்பெல்லாவற்றையும் இழுத்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மதுரா கணினியை மூடினாள். கடிதத்தை அழித்தாளா, வைத்திருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. என் பக்கத்தில் புல்லில் இருந்து, நிலத்தில் கிடந்த கவ்விகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். எல்லாம் பொறுக்கி முடித்தும் எழும்பவில்லை.

அன்று இரவு வாசுகி என் முதுகுக்கு எண்ணெய் பூசினாள். பூசி முடித்துவிட்டு, "உந்த மேசையில நான்தானே பழக்கினனான்" என்றாள். இல்லை என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை டொக்டர் பிள்ளைக்கு நானே போன் எடுத்தேன். வாசுகி பக்கத்தில் நின்றாள். "டொக்டர், ரெண்டு கிழமை இல்லை. மார்கழியில இருந்து. மெலிஞ்சும் போனனான். உங்களுக்கு மறைச்சனான்" என்றேன். "ஏன் சார்?" என்று கேட்டார். "ஏன் சார் சொல்லல?" அழுதாரா, கோபமா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் அவருக்கு உரிமை இருக்கிறது.

புதன்கிழமை கிளேயர் வந்தார். வீட்டுக்கு வந்து வலி மருந்தைக் கவனிக்கும் நேர்ஸ் அவர். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார், வாசுகிக்கு அதில் அவரைப் பிடிக்கும். மடியில் தாளை வைத்துக்கொண்டு வலியின் இலக்கத்தைக் கேட்டார். வாய் பழக்கத்தில் மூன்று என்று வந்தது. குசினி வாசலில் வாசுகி நின்றாள். அவர் மூன்று என்று எழுதிவிட்டார்.

"எட்டு" என்றேன்.

"இன்றைக்குக் கூடிவிட்டதா?" என்று கிளேயர் கேட்டார்.

"போன கிழமையும் எட்டு. ஆஸ்பத்திரியிலும் எட்டு. நான் மாற்றிச் சொல்கிறேன்."

அவர் பேனையால் மூன்றின் மேல் ஒரு கோடு கீறி, பக்கத்தில் எட்டு என்று எழுதினார். அவ்வளவுதான். ஏன் மாற்றினாய் என்று கேட்கவில்லை. பழைய தாள்களைத் திருப்பிப் பார்க்கவில்லை. என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, மருந்தைக் கூட்ட டொக்டருக்குப் போன் எடுக்கப் போனார். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சின்னக் கோடு. அதைக் கீறுவதற்குச் சித்திரையில் எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்திருக்கும். வார்ட்டில்கூட அழாதவன் அன்றைக்கு வாய்விட்டு அழுதேன்.

புது மருந்து வலியைப் பிடிக்கிறது. கூடவே நாளையும் பிடித்துக்கொள்கிறது. மத்தியானம் சரிந்தால் இருட்டித்தான் முழிப்பு வருகிறது. எவ்வளவு காலம் என்று கிளேயரிடம் கேட்டேன், கிழமைக் கணக்கில்தான் என்றார். புரட்டாதி முடிவதைக் காண்பேனோ தெரியாது. வெயில் கொடியைவிட்டுப் போகமுன் என்னை எழுப்பு என்று வாசுகியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று எழுப்பினாள். இரண்டு பேருமாகப் பிடித்துக் கொண்டுவந்து இருத்தினார்கள். வாசுகி கொடியில் இருந்து சாரத்தை எடுத்துச் சூடு ஆறமுன் என் காலில் போட்டாள். பிறகு உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைக்கும்போது மதுரா கேட்டாள், "இண்டைக்கு எவ்வளவு நேரம் அப்பா வெயில்ல இருந்தனீங்கள்?"

"அரை மணித்தியாலம் இருக்கும்" என்றேன். தலையணையில் சாய்ந்த பிறகு அவளைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"இல்லைப் பிள்ளை. பத்து நிமிசம்தான்."